இதப் போட்டா ஊசி வேணாமா, அக்கா?

போன பள்ளி விடுமுறையில் நம்ம இளைஞர் முகாமில் நான் சமையல் குழுவில் இருந்தேன். இரண்டாம் நாள் இரவு பஜனை முடிந்து எல்லாரும் சாப்பாட்டுக்கு வரிசை பிடித்து நிற்கும்போது, ஒரு தங்கை என் பக்கத்தில் வந்து நின்றாள். படிவம் இரண்டு படிக்கிறாள். என் சட்டைக்குக் கீழே எட்டிப் பார்த்த மெல்லிய குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் முதல் வகை இனிப்பு நீர். கண்டுபிடித்து ஒரு வருஷம்தான் ஆகிறதாம். முகாமில் யாருக்கும் தெரியக் கூடாது என்று கழிவறைக்குள் போய் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"அக்கா, இதப் போட்டா ஊசி வேணாமா?"

என் கையில் சாம்பார்க் கரண்டி. அவளுக்குப் பின்னால் நாற்பது பேர். "ஆமாம்மா, கிட்டத்தட்ட" என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்கு ஊற்றப் போய்விட்டேன். அந்தக் 'கிட்டத்தட்ட' அன்றிலிருந்து என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அன்று சொல்லாமல் விட்ட மீதிப் பதில்தான் இந்தக் கட்டுரை. அவளுக்காக எழுதுகிறேன். அவள் பக்கத்தில் படுத்திருந்த, எதுவும் தெரியாத அவள் தோழிகளுக்காகவும் எழுதுகிறேன்.

நான் மூன்றாம் ஆண்டு மின்பொறியியல் மாணவி. மருத்துவம் படிக்கவில்லை. 13 வயதில் எனக்கு இந்த நோய் வந்தது. ஒன்பது வருஷம் பேனா ஊசி, ஒரு நாளைக்கு நாலு முறை. பம்ப் மாட்டி ஒரு வருஷம் தாண்டிவிட்டது. இங்கே வரும் எண்கள் என் உடம்புக்கு என் டாக்டர் போட்டுக் கொடுத்தவை. உங்களுக்கு வேறாக இருக்கும். கணக்கைப் பாருங்கள், எண்ணைக் காப்பி அடிக்காதீர்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். கோயிலில் பார்க்கிற ஆன்ட்டிகள் எல்லாரும் கேட்கும் கேள்வி: "இந்த வயசுலேயே இனிப்பு நீரா? ரொம்ப மிட்டாய் சாப்பிட்டியா?" இல்லை ஆன்ட்டி. முதல் வகை என்பது நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா அணுக்களை அழித்துவிடுவது. மிட்டாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தாத்தா பாட்டிக்கு வருவது பெரும்பாலும் இரண்டாம் வகை. அதில் இன்சுலின் ஓரளவு சுரக்கும், ஆனால் பற்றாது, சரியாக வேலையும் செய்யாது. எங்களுக்குச் சுரப்பதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து போகவில்லை என்றால் உயிர் இல்லை. 1922 ஜனவரியில் டொரோண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தினார்கள். அதற்கு முன்னால் இந்த நோய் வந்த பிள்ளைகளுக்குப் பட்டினிச் சிகிச்சைதான். நாம் ஒரு நூற்றாண்டு தள்ளிப் பிறந்ததே பெரிய விஷயம்.

சரி, பம்ப் என்ன செய்கிறது?

கணையம் இரண்டு விதமாக இன்சுலின் தரும். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் 24 மணி நேரமும் சொட்டுச் சொட்டாகப் போவது ஒன்று. சாப்பிடும்போது மொத்தமாகப் போவது இன்னொன்று. முதலாவதுக்குப் பேசல் என்று பெயர், இரண்டாவதுக்குப் போலஸ். பேனா ஊசியில் இந்த இரண்டுக்கும் இரண்டு மருந்து. நீண்ட நேரம் வேலை செய்வதை இரவில் ஒரு முறை போடுவேன், வேகமாக வேலை செய்வதைச் சாப்பாட்டுக்குப் போடுவேன். பம்பில் ஒரே மருந்துதான், வேகமானது மட்டும். அதையே சின்னச் சின்னத் துளியாக நாள் முழுக்கத் தள்ளினால் பேசல், பொத்தானை அழுத்தி மொத்தமாகத் தள்ளினால் போலஸ்.

'துளி' என்று சொல்வதுகூடத் தப்பு. நம்ம இன்சுலினில் 1 மில்லிலிட்டருக்கு 100 யூனிட். ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறக்குறைய 0.05 மில்லிலிட்டர், அதாவது 5 யூனிட். என் பேசல் மணிக்கு 0.75 யூனிட். ஆக, ஒரு சொட்டை எடுத்து ஆறரை மணி நேரத்துக்கு மேல் பிரித்துப் பிரித்துக் கொடுக்கிறது இந்த இயந்திரம். ஒரு சின்ன மோட்டார் திருகைத் திருப்புகிறது, திருகு பிஸ்டனைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். முதல் நாள் இதைக் கேட்டதும் எனக்கு வந்த பரவசத்தைப் பார்த்து மிஸ்ஸி சிரித்துவிட்டார். 1960களில் ஆர்னால்ட் கடிஷ் என்ற அமெரிக்க மருத்துவர் செய்த முதல் பம்ப், முதுகில் சுமக்கும் பை அளவு இருந்ததாம். என்னுடையது பழைய பேஜர் அளவு. பேஜர் என்றால் என்னவென்று அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த 0.75 எங்கிருந்து வந்தது? பேனா ஊசியில் எனக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 48 யூனிட் போய்க்கொண்டிருந்தது. பம்பில் பொதுவாகக் குறைவாகவே தேவைப்படும் என்பதால் டாக்டர் கால் பங்கைக் கழித்தார். 36. அதில் பாதி பேசலுக்கு, 18. அதை 24 மணி நேரத்தால் வகுத்தால் 0.75. மீதிப் பாதி சாப்பாட்டுக்கு. அதற்கு இரண்டு எண் வேண்டும். 500-ஐ 36-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 14. 14 கிராம் மாவுச்சத்துக்கு 1 யூனிட் என்று அர்த்தம். 100-ஐ 36-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2.8. 1 யூனிட் போட்டால் சீனி 2.8 மில்லிமோல் இறங்கும். இவை ஆரம்ப எண்கள்தான். ஒரு மாதத்தில் ஒவ்வொன்றும் மாறிவிட்டது. விடியற்காலை மூன்று மணியிலிருந்து ஏழு வரை எனக்கு அதிகம் வேண்டும். மாதவிலக்குக்கு முந்தின இரண்டு மூன்று நாளும் அதிகம் வேண்டும். ஒன்பது வருஷமாக "ஏன் இந்த வாரம் மட்டும் இப்படி ஏறுது?" என்று என்னையே திட்டிக்கொண்டிருந்ததற்கு அப்போதுதான் காரணம் கிடைத்தது. இப்போது அந்த நாட்களுக்கென்று தனியாக ஒரு பேசல் அட்டவணை வைத்திருக்கிறேன்.

ஒரு ராத்திரிச் சாப்பாட்டைப் பார்ப்போம். சாப்பிடும் முன் சீனி 11.6, இருக்க வேண்டியது 6.0. வித்தியாசம் 5.6, அதை 2.8-ஆல் வகுத்தால் 2 யூனிட். தட்டில் 56 கிராம் மாவுச்சத்து, 14-ஆல் வகுத்தால் 4 யூனிட். மொத்தம் 6. இந்தக் கூட்டல் கழித்தலைப் பம்பே செய்யும். முன்பு போட்டதில் இன்னும் எவ்வளவு உடம்பில் மிச்சம் என்பதையும் கழித்துக்கொள்ளும். ஆனால் தட்டில் இருப்பது 56 கிராம் என்று யார் சொல்வது? நாம்தான். அதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதல் இரண்டு வாரம் அம்மா சமையலறையில் தராசு வைத்துச் சோறு நிறுத்துப் போட்டார். "ரேஷன் கடை மாதிரி இருக்கு" என்று அப்பா கிண்டல் பண்ணினார். ஒரு கப் சோறு ஏறக்குறைய 45 கிராம் மாவுச்சத்து. அது பழகிவிட்டது. மாமாக் கடை ரொட்டி சானாய்தான் படுத்தி எடுத்தது. மாவுச்சத்தோடு நெய்யும் எண்ணெயும் சேரும்போது சீனி உடனே ஏறாது, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து ஏறும். மொத்த இன்சுலினையும் முன்னாலேயே கொடுத்தால் முதலில் தாழ்ந்து போவேன், அப்புறம் உச்சிக்குப் போவேன். நாசி லெமாக்கும் இதே கதை. பம்பில் இதற்கு ஒரு வழி உண்டு. போலஸைப் பிரித்து, ஒரு பங்கை இப்போது, மீதியை அடுத்த இரண்டு மணி நேரத்தில் மெதுவாகக் கொடுக்கச் சொல்லலாம். பேனா ஊசியால் இது முடியாது. இந்த ஒன்றுக்காகவே பம்ப் எனக்குப் பிடிக்கும்.

இனி, அந்தத் தங்கையிடம் நான் சொல்லாமல் விட்டதற்கு வருகிறேன்.

பம்பிலிருந்து வரும் குழாயின் முனையில் ஒரு சின்ன ஒட்டுப் பட்டை, அதன் நடுவில் 6 அல்லது 9 மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிய பிளாஸ்டிக் குழல், கானுலா என்பார்கள். ஊசி முள் அதைத் தோலுக்கடியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே வந்துவிடும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை இதை மாற்ற வேண்டும். ஒரு நாளைக்கு நாலு குத்துக்குப் பதிலாக மூன்று நாளைக்கு ஒரு குத்து. அந்தக் கணக்கில் என் 'கிட்டத்தட்ட' சரிதான்.

பேனா ஊசி போட்ட காலத்தில் என் உடம்பில் எப்போதும் நீண்ட நேர இன்சுலின் கொஞ்சம் தங்கியிருக்கும். ஒரு வேளை மறந்தாலும் அது தாங்கிப் பிடிக்கும். பம்பில் அந்தச் சேமிப்பு கிடையாது. ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் உடம்பில் இன்சுலினே இல்லை. சீனியை எரிக்க முடியாமல் உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பிக்கும், கீட்டோன் என்ற அமிலம் இரத்தத்தில் சேரும். விட்டால் மயக்கம், அதற்கு மேலும் போகும். வகுப்பில் மிஸ்ஸி இதைத்தான் மூன்று முறை சொன்னார். நான் மூன்று முறை தலையாட்டினேன்.

பம்ப் மாட்டி ஒன்பதாம் நாள். விடுதிக்குத் திரும்பியிருந்தேன். செட்டைக் காலையிலேயே மாற்றியிருக்க வேண்டும். ஆய்வுக்கூட அறிக்கை எழுதுகிற அவசரத்தில் இரவு பதினொன்றுக்கு மாற்றிவிட்டு அப்படியே படுத்துவிட்டேன். விடியற்காலை நாலு மணிக்குத் தாகத்தில் விழிப்பு வந்தது. சீனி 22.4. 'ராத்திரி சாப்பிட்ட பிஸ்கட்டைக் கணக்கில் விட்டுட்டேன் போல' என்று நினைத்துப் பம்பில் 6 யூனிட் கொடுத்தேன். அதுவும் கொடுத்துவிட்டதாகக் காட்டியது. அலாரம் எதுவும் அடிக்கவில்லை. ஐந்தரைக்கு 23.8. மறுபடியும் பம்பிலேயே கொடுத்தேன். ஏழு மணிக்கு வாந்தி.

என் அறைத் தோழி கிளந்தான்காரி. மூன்று மாதமாக ஒரே அறை. நான் அவளிடம் எதுவும் சொன்னதில்லை. பம்பைப் பார்த்து "என்ன அது?" என்று ஒருமுறை கேட்டபோது "அலர்ஜிக்கு" என்று பொய் சொல்லியிருந்தேன். நான் வாந்தி எடுத்ததைப் பார்த்து அவள் பதறி, முந்தின நாள் சாப்பாட்டில் ஏதோ சேரவில்லை என்று நினைத்து, எனக்குச் சூடாக மைலோ கலக்கிக் கொண்டுவந்தாள். சீனி போட்ட மைலோ. பாவம், அவள் மேல் என்ன தப்பு? அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். அவள் ஒரு வார்த்தை பேசாமல் கிராப் கூப்பிட்டு என்னை மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனாள். கீட்டோன் 3.4. 3-க்கு மேல் என்றாலே அவசர நிலை. ஒரு நாள் முழுக்க நரம்பில் தண்ணீரும் இன்சுலினும் ஏற்றினார்கள். செட்டைக் கழற்றிப் பார்த்தபோது கானுலா 'ட' எழுத்து மாதிரி மடிந்திருந்தது. ஒன்பது வருஷம் ஒரே இடத்தில் ஊசி குத்திக் குத்தித் தோலுக்கடியில் தடித்துப்போன இடம் அது. குத்தினால் அங்கே வலிக்காது, அதனால்தான் அங்கே போட்டேன். உள்ளே போன இன்சுலின் எல்லாம் தோல் மேலேயே கசிந்து ஒட்டுப் பட்டையை நனைத்திருந்தது. குழாய் முழுசாக அடைத்துக்கொண்டு அழுத்தம் ஏறினால்தான் அலாரம் அடிக்கும். கசிவு அதற்குத் தெரியாது.

கட்டுப்பாட்டுப் பொறியியல் தேர்வில் எனக்கு 'ஏ'. உணரி சொல்வதை நம்பு, இயக்கியை எப்போதும் சந்தேகப்படு என்று அதே பருவத்தில்தான் எழுதிவிட்டு வந்திருந்தேன். கொடுத்ததாகத் திரையில் காட்டுவது மோட்டார் திரும்பிய கணக்கு. உடம்புக்குள் போனதா இல்லையா என்பதற்கு அத்தாட்சி சீனி அளவு மட்டும்தான்.

இப்போது என் மேசைக்கு மேல் ஒட்டியிருக்கும் விதி இது. சீனி 14-க்கு மேல் போனால் முதலில் கீட்டோன் பார்க்க வேண்டும். கீட்டோன் இருந்தால் பம்பை நம்பக் கூடாது, திருத்தும் அளவைப் பேனா ஊசியில் போட வேண்டும், செட்டைப் புதிதாக வேறு இடத்தில் மாற்ற வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், மிஸ்ஸியைக் கூப்பிட வேண்டும். கீட்டோன் இல்லையென்றால் பம்பில் ஒரே ஒரு முறை கொடுத்துப் பார்க்கலாம். இரண்டு மணி நேரத்தில் இறங்கவில்லை என்றால் மறுபடியும் பேனாதான். வாந்தி வந்தாலோ, கீட்டோன் 3-ஐத் தொட்டாலோ யோசனையே வேண்டாம், மருத்துவமனை. அன்று என் கீட்டோன் பட்டைகள் கிள்ளானில் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்தன.

ஆக தங்கை, ஊசி வேணாமா என்றால், வேணும். பையில் எப்போதும் ஒரு பேனா இருக்கணும். ஒரு மாற்றுச் செட், பேட்டரி, கீட்டோன் பட்டை, குளுக்கோஸ் மாத்திரை, பம்ப் மொத்தமாகக் கெட்டுப்போனால் எந்த மருந்தை எவ்வளவு போடுவது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு. இதெல்லாம் ஒரு பென்சில் பையில் அடங்கும். செட்டை எப்போதும் காலையில் மாற்று, மாற்றிய இரண்டு மணி நேரம் கழித்துச் சீனியைப் பார். தொப்புளைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு, ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் போடு. இன்சுலினைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு (குளிரோடு என்று சொல்லணுமோ?) நிரப்பாதே. அது அறை வெப்பத்துக்கு வரும்போது காற்றுக் குமிழி வரும். குழாயில் குமிழி ஓடும் நேரம் உனக்கு இன்சுலின் இல்லாத நேரம். குளிக்கக் கழற்றலாம், ஒரு மணி நேரத்துக்கு மேல் கழற்றி வைக்காதே.

செலவையும் சொல்லியாக வேண்டும். பம்புக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பழைய காடி வாங்கியிருக்கலாம். அது போக, செட்டும் உணரியும் எங்களுக்கு மாதம் ஐந்நூறு ரிங்கிட்டைத் தாண்டுகிறது. அப்பா கூடுதல் நேர வேலை பார்க்கிறார். பம்ப் இல்லாமல், பேனா ஊசியிலேயே அருமையாகக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்களும் உண்டு. முடியவில்லை என்றால் அது குறை இல்லை. எனக்குப் போன வருஷம் 9.1 இருந்த மூன்று மாதச் சராசரி இப்போது 7.6. அதில் பாதி பம்பால், பாதி அம்மாவின் தராசால்.

விரதத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பெரியம்மா சொன்னார், "சாப்பிடாதப்ப மருந்து எதுக்கும்மா? விரதம்னா ஊசியும் வேணாமே." இந்தப் பேச்சைக் கேட்டு யாராவது இன்சுலினை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. சாப்பிடாவிட்டாலும் ஈரல் சீனியை விட்டுக்கொண்டே இருக்கும், அதற்குத்தான் பேசல். விரதத்தில் போலஸ் குறையும், பேசல் நிற்காது. சொல்லப்போனால், பேசல் சரியா என்று பார்க்க டாக்டரே என்னை ஒரு வேளை பட்டினி போடச் சொன்னார். மணிக்கொரு முறை சீனியைப் பார்த்து, 2 மில்லிமோலுக்கு மேல் ஏறினால் அல்லது இறங்கினால் பேசல் தப்பு. முதல் முறை மதியச் சாப்பாட்டை விட்டு அளந்தபோது கோடு நேராகப் போனதைப் பார்த்து அம்மா அழுதுவிட்டார். ஒன்பது வருஷமாக என்னைப் பட்டினி போடப் பயந்தவர்.

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கலாமா என்று டாக்டரிடம் ஒரு மாதத்துக்கு முன்பே கேட்டேன். நடை, வெயில், பத்துமலையின் 272 படி எல்லாமே சீனியை இறக்கும். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே பேசலைப் பாதியாக்கினேன். அப்படியும் படிக்குப் பாதி வழியில் உணரி 5.1 காட்டியது, அம்புக்குறி கீழே. உணரி இரத்தத்துக்குச் சில நிமிடம் பின்தங்கியே ஓடும், ஆகவே உண்மையில் இன்னும் கீழே. நின்று குளுக்கோஸ் மாத்திரை நாலு, 16 கிராம், வாயில் போட்டேன். பக்கத்தில் வந்த ஒரு அம்மா "ஐயோ, விரதம் முறிஞ்சிடுமே!" என்றார். குடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த என் அம்மா திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார், "அது சாப்பாடு இல்லீங்க, மருந்து." பதினைந்து நிமிடம் ஓரமாக நின்றோம். 6.3 ஆனதும் ஏறினோம்.

இப்போது என் அறைத் தோழிக்கு எல்லாம் தெரியும். கீட்டோன் பார்க்கவும் தெரியும். 4-க்குக் கீழே போனால் மைலோ கொடுக்கலாம், மேலே இருந்தால் கூடாது என்று கதவில் எழுதியே ஒட்டிவிட்டாள். முகாமுக்குப் போகிற பிள்ளைகளே, பொறுப்பாளர் ஒருவரிடமும் பக்கத்தில் படுக்கும் தோழியிடமும் மட்டுமாவது சொல்லிவிடுங்கள். கழிவறையில் ஒளிந்து போடும் ஊசியை யாரும் பார்க்க மாட்டார்கள். மயங்கி விழுந்தாலும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தத் தங்கையிடமிருந்து செய்தி வந்தது. அடுத்த மாதம் அவளுக்குப் பம்ப் பயிற்சி. கீட்டோனைப் பற்றியோ கானுலாவைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. "அக்கா, தீபாவளிக்குப் பாவாடை தாவணி. பம்ப எங்க வைக்கிறது?"

பாவாடை நாடாவுக்கு உள்பக்கம், இடுப்பின் பக்கவாட்டில், பருத்தித் துணியில் ஒரு பை தைக்கச் சொல்லு. குழாய் வெளியே வர ஒரு பொத்தான் துளை போதும். குழாய் 60 சென்டிமீட்டர் கேட்டு வாங்கு, நீளமாக இருந்தால் கதவுக் கைப்பிடியில் மாட்டி இழுக்கும், எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது. பைக்கு ஜிப் வைக்காதே. முறுக்குக்குப் போலஸ் கொடுக்க நாலு தடவை வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.